கை எட்டாத சட்டை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு என்று நினைக்கிறேன். ஒரு வருடம் முன்பின் இருக்கலாம். இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைக்கு மேலே, டயகம போகும் பாதையில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். எனக்குப் பதினேழு வயது. பெரிய ஆளாகப் பேர் பதிந்து, கொழுந்தெடுக்கிற பெண்களோடு மலைக்குப் போகத் தொடங்கிய வருடம் அது. மலை என்று நாங்கள் சொல்வது தேயிலை நட்ட சரிவைத்தான்.

அப்பா அதற்கு முந்தின வருடம் தவறிவிட்டார். அம்மாவுக்கு இளைப்பு. குளிர் நாளில் வாசற்படி தாண்டினாலே மூச்சு வாங்கும். அதனால் எங்கள் வீட்டில் தோட்டத்துப் பேர் உள்ள ஆள் நான் ஒருத்திதான். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பரா, தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கென்று கொடுத்தது. அப்பாவின் காரியம் முடிந்த கையோடு கங்காணி வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"புள்ள கொழுந்துல நின்னுட்டான்னா காம்பராவப் பத்தி யாரும் வாய் தொறக்க மாட்டாங்க தாயி. நிக்கலேன்னா என்னைய குத்தம் சொல்லாத. ரெண்டு குடும்பம் கூரையில்லாம காத்துக்கிட்டு கெடக்கு."

நானும் நிற்கத்தான் பார்த்தேன். ஆனால் குறித்த எடைக்குக் கொழுந்து பறித்தால்தான் அன்றைக்கு முழுப்பேர், முழு நாள் சம்பளம். எடை குறைந்தால் அரைப்பேர். எனக்கு வாரத்தில் பாதி நாள் அரைப்பேர்தான் விழுந்தது. இப்படியே போனால் கொழுந்தில் வைத்திருக்க மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அதைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

எனக்கே விளங்காத விஷயம் ஒன்று இருந்தது. பாவாடையும் தொளதொளச் சட்டையுமாக இருந்த வயதில், அம்மாவுக்கு உதவியாக அவள் நிரையில் நின்று பறித்திருக்கிறேன். அப்போது என் கை நல்ல வேகம். அம்மாவே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். வயது ஏறி, சேலை கட்டி, பெரிய மனுஷியாக மலைக்குப் போன பிறகு அதே கைக்கு என்ன வந்தது?

மற்றவர்களுக்கு இதில் சந்தேகமே இல்லை. என் உடம்புவாகுதான் காரணம் என்றார்கள். நான் அப்பாவைக் கொண்டு பிறந்தவள். அகலத் தோள், நீளக் கை, பலகை போல முதுகு. "வெறகுக் கட்டைக்கு சேல சுத்தின மாதிரி இருக்கா" என்று குடத்தில் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் சொல்லிச் சிரிப்பார்கள். எதிரில் ஆள் வந்தால் தோளைக் குறுக்கிக்கொண்டு போய்ப் போய் எனக்கு அதுவே நடையாகிவிட்டது. வாய் திறந்து பதில் சொல்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சேலைக்குப் போடுகிற ரவிக்கையை நாங்கள் சட்டை என்றுதான் சொல்வோம். அதைத் தைக்க டவுனில் இருக்கிற தையல்காரரிடம் கொடுக்க வேண்டும். ஆனால் ஒரு பெண்ணும் போய் அவர் முன்னால் நின்று அளவு கொடுக்க மாட்டாள். அது பெரிய வெட்கக்கேடு. துணியோடு ஒரு பழைய சட்டையைச் சுருட்டி, டவுனுக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவோம். அதற்குப் பேர் அளவுச் சட்டை. தையல்காரர் அந்தச் சட்டையைப் பார்த்து இந்தச் சட்டையை வெட்டுவார். போட்டுக்கொள்ளப் போகிறவள் குட்டையா நெட்டையா என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

என்னுடைய முதல் சட்டைக்கு அளவாகப் போனது அம்மாவின் சட்டை. அம்மா சிட்டுக்குருவி மாதிரி இருப்பாள். வந்த சட்டையை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் மாட்டினேன். கொக்கி மாட்டிவிட்ட அம்மா, "உடம்போட ஒட்டி அழகா இருக்குடி. இனிமே தோளு பெருசாத் தெரியாது" என்றாள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அடுத்த சட்டைக்கு அந்தச் சட்டையே அளவாகப் போனது. எல்லாச் சட்டையும் இடது கக்கத்தில்தான் முதலில் கிழியும். நான் அதைத் தைத்துத் தைத்துப் போட்டுக்கொள்வேன்.

வேகம் வரட்டும் என்று கங்காணி என்னை முதல் நிரைக்குப் பக்கத்து நிரையில் நிறுத்தினார். முதல் நிரை எப்போதும் மேல் லயத்து அக்கா ஒருவருக்குத்தான். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் அளவுக்குக் கொழுந்தெடுக்க, காலையில் பேர் கூப்பிடுகிற எங்கள் பிரட்டில் ஆள் இல்லை. வாயும் அப்படித்தான். கங்காணியே அவரிடம் பார்த்துத்தான் பேசுவார்.

"அவ கையப் பாத்து எடு. கத்துக்குவ" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார் கங்காணி.

நான் பார்த்தேன். விரல் வேகத்தில் எங்கள் இருவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அக்கா செடிக்கு ஒரு பக்கம் நின்றுகொண்டே அதன் நடு மட்டத்தைத் தாண்டி அந்தப் பக்கம் வரைக்கும் கையைப் போட்டார். எனக்கு நடு மட்டமே எட்டவில்லை. செடியைச் சுற்றிப் போய்ப் போய்த்தான் பறித்தேன். இத்தனைக்கும் என்னைவிட அக்கா குட்டை. கையும் குட்டைக் கை.

இது எப்படி? குட்டைக் கை எட்டுகிற இடம் நீளக் கைக்கு ஏன் எட்டவில்லை? அன்றையிலிருந்து எனக்கு இதே நினைப்பாகிவிட்டது.

அக்கா போட்டிருந்தது பழுப்பு நிறத்தில் ஒரு பழைய சட்டை. சும்மா நிற்கும்போது பார்த்தால் கோணிச் சாக்கு மாதிரி தொங்கும். ஆனால் கையை முன்னால் நீட்டிக் குனிந்தவுடன் அந்தத் தொங்கலெல்லாம் எங்கேயோ போய், முதுகில் ஒரு சுருக்கமில்லாமல் அமைந்துவிடும். நான் கையை நீட்டினால் என் சட்டை முழுவதும் கூடவே மேலே ஏறிக்கொண்டு வரும். அக்கா கையை நீட்டினால் கை மட்டும் போனது. சட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. கவனித்துப் பார்த்தபோது, கையும் உடம்பும் சேருகிற இடத்தில், கக்கத்தில், மஞ்சள் பூப்போட்ட வேறு துணியில் சதுரமாக ஒரு ஒட்டு தெரிந்தது. இரண்டு கக்கத்திலும் இருந்தது. கையைத் தூக்கினால் விரியும். இறக்கினால் மடிந்து உள்ளே போய்விடும்.

எனக்கு அதைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. நாலைந்து நாள் பார்த்துக்கொண்டே இருந்திருப்பேன் போல. ஒருநாள் அக்கா பறிப்பதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என்னாடி, நானும் பாக்குறேன், என் கக்கத்தையே மொறச்சுக்கிட்டு இருக்க? அங்க என்னா கொழுந்தா மொளச்சிருக்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒட்டுச் சட்ட போட்டிருக்கான்னு கேலியாப் பாக்குறியாக்கும். எங்க அக்கா போட்டுக் கழிச்ச சட்டதான். தீவாளிக்குப் பாரு, புதுசாத் தச்சு எப்படிப் போட்டுக்கிட்டு வாறேன்னு. அப்ப கண்ணத் தொறந்து நல்லாப் பாரு."

கேலியில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினேன். சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு, வெள்ளையடித்த சுவரோரம் குனிந்து நின்று கையை நீட்டினேன். விரல் தொட்ட இடத்தில் அடுப்புக் கரியால் ஒரு கோடு போட்டேன். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு அதே இடத்தில் நின்று நீட்டினேன். அங்கே ஒரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. என் கை குட்டை இல்லை. இந்தச் சட்டைக்குள் போனதும் அது குட்டையாகிறது. அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வெள்ள சொவத்துல என்னாடி கரிய இழுக்குற? பைத்தியமா?" என்றாள் அம்மா, படுத்த இடத்திலிருந்து.

"ஒண்ணுமில்லம்மா, சும்மா."

அடுத்த நாள் சட்டையின் கக்கத்துத் தையலை இரண்டு பக்கமும் பிரித்தேன். அம்மாவின் பழஞ்சேலையில் உள்ளங்கை அளவுக்குச் சதுரமாக இரண்டு துண்டு வெட்டி, சாய்த்து வைத்துக் கைத்தையல் போட்டேன். முதலில் சரியாக வரவில்லை. பிரித்து மறுபடி வைத்தேன். போட்டு நேராக நின்று பார்த்தபோது கக்கத்தில் பொதபொதவென்று இருந்தது. அழகு போய்விட்டதே என்று முதலில் மனம் சங்கடப்பட்டது. சரி, நாம் என்ன நாள் முழுக்க நேராகவா நிற்கிறோம் என்று யோசித்தேன். மலையில் நிற்கிறபடி நின்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. இடுப்பில் படங்கைக் கட்டினேன். அது செடியின் குச்சி குத்தாமல் இருக்க நாங்கள் கட்டுகிற முரட்டுத் துணி. தலையில் கம்பளியை மடித்துப் போட்டு, கூடைக் கயிற்றை மாட்டி, முதுகில் வெறுங்கூடையோடு குனிந்து, இரண்டு கையாலும் காற்றில் கொழுந்து பறித்துக் கூடைக்குள் போடுவதுபோலப் போட்டுப் பார்த்தேன். கை போனது. இன்னும் கொஞ்சம் நீட்டினேன். அதற்கும் போனது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே வேகமாகப் பறிக்கத் தொடங்கினேன்.

அப்போது பக்கத்துக் காம்பரா மாமி அடுப்பு நெருப்பு கேட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்தார். சுவரில் இருந்த கரிக்கோடுகளைப் பார்த்தார். கையில் இருந்த தகரத்தைக் கீழே போட்டுவிட்டு, "ஐயையோ, புள்ள மேல எதுவோ ஏறியிருக்கு" என்று கத்திக்கொண்டே ஓடினார். போன வேகத்தில் விபூதியும் வேப்பிலையுமாக நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நான் கூடையை இறக்கி வைத்துவிட்டு மூலையில் போய் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டேன்.

"ஏம்மா, என்னா சாமின்னு கேளுங்க" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

"சாமியும் இல்ல பூதமும் இல்ல. சட்டைய போட்டுப் பாத்தா" என்றாள் அம்மா.

"சட்ட போட்டுப் பாக்குறதுக்குக் கூடை எதுக்கு? சிரிப்பு எதுக்கு?"

என் நெற்றி நிறைய விபூதியை அப்பிவிட்டுப் போனார்கள்.

மறுநாளிலிருந்து எனக்கு முழுப்பேர்தான். முதல் நாள் தராசில் கூடையைத் தொங்கவிட்டபோது கணக்கப்பிள்ளை கல்லு கில்லு கிடக்கிறதா என்று கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். கங்காணி, "பரவாயில்லையே, கத்துக்கிட்டியே" என்றார். அம்மா அன்றைக்கு ஒரு கருவாட்டுத் துண்டைச் சுட்டுத் தட்டில் வைத்தாள். காம்பராவைப் பற்றி அன்றும் நாங்கள் பேசவில்லை. ஆனால் அம்மா நிம்மதியாகத் தூங்கினாள்.

தீபாவளி வந்தது. அக்கா சொன்னபடியே புதுச் சட்டை தைத்துவிட்டார். நல்ல சிவப்பு. குட்டைக் கை, கையைச் சுற்றிப் பிடித்துத் தைத்தது. தீபாவளி முடிந்து மலைக்கு வந்தபோதும் அதைத்தான் போட்டுக்கொண்டு வந்தார். கம்பளியைக்கூட வேண்டுமென்றே தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டிருந்தார். உண்மையாகவே அழகாகத்தான் இருந்தது. பழைய பழுப்புச் சட்டையைக் கிழித்து அடுப்படிக்குச் சட்டி இறக்குகிற துணியாகப் போட்டுவிட்டாராம்.

அன்றைக்கு முதல் நிரை பின்தங்கியது. அடுத்த நாளும் அப்படித்தான். மழைக்கு முந்தின இறுக்கம், கை வலி என்று அக்கா எதையெதையோ சொல்லிப் பார்த்தார். அந்த வாரக் கடைசியில் அவருக்கு அரைப்பேர் விழுந்தது. மேல் லயத்தில் யாரும் கேள்விப்படாத சங்கதி அது. தராசடியில் அவர் முகத்தை நான் பார்த்தேன். இத்தனை நாளாக என் முகத்தில் இருந்த அதே முழி.

காரணம் எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அக்கா கையை நீட்டும்போதெல்லாம் அந்தச் சிவப்புச் சட்டை இடுப்பிலிருந்து மேலே இழுபட்டது. போய்ச் சொல்லலாம்தான். அந்த அக்காவிடம் போய், உங்கள் சட்டை சரியில்லை என்று யார் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

அதற்குள் பீலியடியில் பேச்சு வேறு மாதிரி திரும்பிவிட்டது. நெருப்புக் கேட்டு வந்த மாமி அன்று பார்த்ததைச் சொல்லியிருக்கிறார். நான் நாள்கணக்கில் அக்காவின் கையையே வெறித்துப் பார்த்தது எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சுவரில் கரிக்கோடு போட்டிருக்கிறாள், வெறுங்காற்றில் கொழுந்து பறித்திருக்கிறாள், மறுநாளே இவளுக்கு முழுப்பேர், இப்போது அவளுக்குக் கை விழுந்துவிட்டது. வேறு என்ன வேண்டும்? கண்ணு வைத்துக் கையைப் பறித்துக்கொண்டாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

காலைப் பிரட்டில் என் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. பக்கத்து நிரை பிடிக்கச் சொன்னால் ஒவ்வொருத்தியாக நழுவினார்கள். ஒருத்தி என் நிழல் படாமல் கம்பளியை இழுத்து மூடிக்கொண்டாள். கங்காணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இங்க பாரு புள்ள. எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை இருக்கோ இல்லையோ, பொம்பளைங்க உன் பக்கத்துல நிக்க மாட்டேங்கிறாங்க. இன்னைக்கு ஒரு நாள் பாக்குறேன். நாளைக்கும் இப்படியே இருந்தா ஒன்னைய கொழுந்துல வச்சுக்க முடியாது. அப்புறம் காம்பரா விஷயம் என் கையில இல்ல."

"சரிங்க" என்றேன். மலையேறும்போது அம்மாவை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன். எங்களுக்கு வேறு தோட்டத்தில் ஆள் இல்லை.

மத்தியானம் தேத்தண்ணி குடிக்கப் பெண்கள் எல்லோரும் நிழல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் தள்ளிப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். அக்கா நேராக என்னிடம் வந்தார். கண் சிவந்திருந்தது.

"எந்திரிடி."

எழுந்தேன்.

"என் கைய என்னாடி பண்ணுன? ஒனக்கு என்னா பாவம் செஞ்சேன்? பக்கத்துல நின்னு பாத்து எடுக்கட்டும்னுதானே விட்டேன்? வாயத் தொற. என்னா பண்ணுன?"

"வாயத் தொறந்தா மந்திரம் போயிரும்ல, அதான் தொறக்க மாட்டேங்கிறா" என்றது மரத்தடியில் ஒரு குரல்.

"எடுத்தத வச்சிரு தாயி, நல்லா இருப்ப" என்றது இன்னொன்று.

சொல்ல வேண்டியது முழுவதும் தொண்டைக்குள் இருந்தது. சட்டை, கக்கம், ஒட்டு, கோடு. எந்த வார்த்தையை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை. எனக்கு முன்னால் அக்கா கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். கை மேலே போகும்போதெல்லாம் அந்தச் சிவப்புச் சட்டை அவரைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரிகிறது!

முள் எடுக்க என் வளையலில் எப்போதும் ஒரு பின்னூசி தொங்கும். அதைத் திறந்தேன். அக்காவின் வலது கையைப் பிடித்துத் தூக்கினேன். அவர் என்ன ஏது என்று யோசிப்பதற்குள், கக்கத்துத் தையலில் ஊசியைக் கொடுத்து நூலை இழுத்தேன். மெஷின் தையல். ஒரு நூல் அறுந்ததும் சர்ரென்று நாலு விரல் அகலத்துக்கு விட்டுக்கொடுத்தது. தீபாவளிக்குத் தைத்த சட்டை.

மரத்தடியில் எல்லோரும், "அடியே" என்று எழுந்துவிட்டார்கள்.

அக்கா எனக்கு ஒரு அறை விட்டார். அப்படி ஒரு அறையை நான் அதற்கு முன்னும் வாங்கியதில்லை, பின்னும் வாங்கியதில்லை. கை பின்னால் எங்கேயோ போய், முழு வீச்சோடு வந்து இறங்கியது. காது கொய்யென்றது. நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, அடுத்த அடிக்காகக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அடுத்த அடி வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். அக்கா தன் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதை மெதுவாக மேலே தூக்கினார். இறக்கினார். முன்னால் நீட்டினார். பிறகு இடது கையைத் தூக்கிப் பார்த்தார். அது பாதியில் நின்றது. மறுபடி வலது கை. அது போய்க்கொண்டே இருந்தது.

"இது என்னாடி இது?" என்றார். குரலில் கோபம் இல்லை.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "ஒங்க பழைய சட்டையில மஞ்ச ஒட்டு இருந்திச்சுங்களே அக்கா. அதுதான் ஒங்களுக்குக் கை குடுத்துச்சு. அதத்தான் நான் பாத்துக்கிட்டு இருந்தேன்." என் சேலையை ஒதுக்கி, கையைத் தூக்கி, என் கக்கத்து ஒட்டைக் காட்டினேன். அத்தனை பேர் முன்னால் அப்படி நின்றதை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அக்கா என் கையைப் பிடித்துத் தூக்கி, அந்தத் துண்டை விரலால் மடித்து விரித்துப் பார்த்தார்.

"எங்க அக்காகாரி உடம்பு பெருத்துப் போச்சுன்னு வச்ச ஒட்டுடி அது. அதையா நான் அடுப்படியில போட்டேன்?"

மரத்தடியில் ஒருத்தி மெல்லத் தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளும் தூக்கினாள். பார்த்தால் பாதிப் பேர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுக் கையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறார்கள். கீழே பாதையில் வந்த கங்காணி நின்றுவிட்டார்.

"என்னா நடக்குது அங்க? யாரக் கும்புடுறீங்க?"

"ஒங்களத்தான் கங்காணி, கண்கண்ட தெய்வம் நீங்கதானே" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. கன்னம் வலித்ததால் முழுதாகச் சிரிக்க முடியவில்லை.

அக்கா இடது கக்கத்தையும் என்னிடமே நீட்டி, "இதையும் பிரிச்சு விடு" என்றார். பிரித்துவிட்டேன். மேலே சேலையை இழுத்துச் சுற்றிக்கொண்டு நிரையில் இறங்கினார். சாயங்காலத் தராசில் பழைய ஆளாக நின்றார்.

கங்காணிக்கு ஒன்றும் புரியவில்லை. காலையில் சொன்னதை மறக்காமல் என்னைப் பார்த்து, "நாளைக்கு நீ என்னா, கொழுந்தா, இல்ல பேர வெட்டவா?" என்றார்.

எனக்கு முன்னால் அக்கா பதில் சொன்னார். "அவ என் பக்கத்து நிரையிலதான் நிப்பா. தீவாளிச் சட்டைய நார்நாராக் கிழிச்சு வச்சிருக்கா. தச்சுக் குடுக்காம எங்க போயிருவா?"

கங்காணி தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு காம்பராவைப் பற்றி எங்களிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அம்மா தன் கடைசிக் காலம்வரை அங்கேதான் இருந்தாள்.

அன்று சாயங்காலமே அக்கா சட்டையோடு எங்கள் காம்பராவுக்கு வந்தார். அறைந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "ஒட்டுத் தெரியக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார். சிவப்புத் துணிக்கு எங்கே போவது? சட்டையின் கீழ் மடிப்பை உள்ளே பிரித்து, அதிலேயே துண்டு எடுத்து வைத்துக் கொடுத்தேன். சுவரோரம் குனிந்து நின்று கையை நீட்டிப் பார்த்துவிட்டு, கரிக்கோட்டைக் காட்டி, "எனக்கும் ஒண்ணு போடுடி" என்றார். போட்டேன். அம்மா படுத்துக்கொண்டே, "வெள்ளையடிச்ச சொவருடி" என்று முனகினாள்.

பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். முதுகு வளைந்தவள், ஒரு தோள் இறங்கினவள், பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் என்று ஒருத்தி உடம்பு போல இன்னொருத்தி உடம்பு இல்லை. எல்லோரையும் கூடை போடுகிறபடி குனியச் சொல்லித்தான் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, பாதிப் பேர் யாரோ ஒருத்தியின் அளவுக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, தங்கள் உடம்பைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள் என்று. விபூதி கொண்டுவந்த மாமியும் வந்தார். அவருக்குக் கழுத்துப் பக்கம்தான் பிடித்தம்.

தையல் எனக்குப் பிழைப்பாகிவிடவில்லை. கடைசிவரை கொழுந்துதான் எடுத்தேன். ஆனால் அதற்குப் பிறகு தோளைக் குறுக்கி நடக்கிற பழக்கம் எனக்குத் தானாகவே விட்டுப்போனது. எப்போது விட்டது என்றுகூடத் தெரியவில்லை.

இப்போது கடைகளில் ஆளுயரக் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதன் முன்னால் நேராக நின்று, வயிறு தெரிகிறது, தோள் தெரிகிறது, இந்த உடம்புக்கு எதுவும் அமையாது என்று முகம் சுளிக்கிறார்கள். அப்போதெல்லாம் எனக்கு அக்கா கன்னத்தில் விட்ட அந்த அறை நினைவுக்கு வரும். நீ நாள் முழுக்க எப்படி நிற்பாயோ அப்படி நின்று, கையைத் தூக்கிப் பார் பிள்ளை என்று சொல்ல நினைப்பேன்; கூச்சத்தைத் தள்ளி வைத்துவிட்டு இப்போதெல்லாம் அதைச் சொல்லியும் விடுகிறேன், ஏனென்றால் அன்று மரத்தடியில் என் வாய் இன்னும் கொஞ்சம் முந்தியிருந்தால் ஒரு அடி மிச்சமாகியிருக்கும்.